வெள்ளம் வீட்டுக்குள்ளேயே வருகிறதாம்: தேவிகுளம் லயத்துக்குப் போய் வந்த கணக்கு

போனவர்கள் மூன்று பேர்: நான், சமூகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் கார்த்திகா, அவள் வகுப்புத் தோழி அனிதா. அங்கே ஆறு வீட்டுக்கும் சேர்த்துப் பதில் சொன்னவர் ஒருவர்: தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்லத்தாய் அக்கா. வராதவர் ஒருவர்: ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்குத் தோட்டத் தொழிலாளர் வீடுகளை நேரில் பார்த்து எழுத வேண்டும். நான் துணைக்குப் போனேன். போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு காலை 5.10-க்குக் கேரள எல்லையிலுள்ள எங்கள் சித்தூரில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் மாறி, சின்னாறு செக்போஸ்ட் வழியாக மூணாறு சேர 12.40. ஆளுக்கு 168 ரூபாய். அறை 900. மறுநாள் ஞாயிறு, தோட்டத்துக்கு விடுமுறை. எட்டு கிலோமீட்டரில் தேவிகுளம். அதைத் தாண்டி லயம் வரை ஆட்டோ 350. லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒட்டிய வீடுகள்.

படிவம் மலையாளத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கார்த்திகா படிவத்தைப் பார்த்தபடி அப்படியே கேட்டுவிட்டாள்: "வெள்ளமெல்லாம் எப்படிங்கக்கா?"

செல்லத்தாய் அக்கா சிரித்துவிட்டார். "வெள்ளத்துக்கு என்ன கொறச்சல் தாயி? மழை பேஞ்சா கூப்பிடாமலே வீட்டுக்குள்ள வந்துருதுல்லா! குடிக்கத்தான் சொட்டுத் தண்ணி இல்ல."

படிவத்தில் பதிலுக்கு விட்ட கட்டம் ஒரு விரல் அகலம். மலையாள எழுத்தில் 'வெள்ளம் வீட்டுக்குள் வரும்' என்று எழுதியதுமே நிறைந்துவிட்டது. மீதியைக் கார்த்திகா தன் களக்குறிப்பில் விவரமாக எழுதினாள். நானும் என் நோட்டில் குறித்தேன்: சுவரில் சேற்றுக்கறை முழங்கால் உயரம். குழாய் 212 தப்படி இறக்கத்தில், நடந்து எண்ணினேன். குடத்தோடு திரும்பினால் அத்தனையும் ஏற்றம்.

"இத ஆபீஸ்ல குடுப்பியளா?" என்று கேட்டார் அக்கா. ப்ராஜெக்டின் சுருக்கம் பஞ்சாயத்துக்குப் போகும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். "கண்டிப்பாக் குடுப்போமுங்க" என்றேன். வாக்குக் கொடுத்தது நான்.

போன வாரம் ஆசிரியர் திருத்திய பிரதி வந்தது. பக்கம் 31: 'ஆறு வீடுகளிலும் வீட்டுக்குள்ளேயே குடிநீர் கிடைக்கிறது.' கட்டத்திலிருந்த வெள்ளத்தை மலையாளத் தண்ணீராகவே படித்திருக்கிறார். களக்குறிப்பு முழுவதும் சிவப்பு மையில் அடித்திருந்தது. இதைப் படிக்கிற அதிகாரி அங்கே குழாய் போடுவாரா?

போன் செய்தேன்.

"ஃபாரத்துல இருக்கறதுதான் டேட்டா, அம்மா. மத்ததெல்லாம் கதை."

"ஏனுங்க சார், அந்தக் கதைல ஒரு கொடத்தத் தூக்கிட்டு மேடு ஏறிப் பாத்தீங்களா?"

கிளாஸ் இருக்கிறது என்று வைத்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்ததை அடித்துவிட்டு அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைப்பதானால், பிள்ளைகளை எதற்கு மலையேற்றினீர்கள்?

"விட்டுரும்மா, மார்க்குல கை வெச்சுருவாரு" என்கிறாள் கார்த்திகா. மார்க் போனால் அடுத்த வருஷம் எழுதலாம் கண்ணு. அக்கா வீட்டில் இந்த மழைக்கும் வெள்ளம் வருமே. அநியாயம் செய்தவரை நீயே கேள் என்று ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துவிடலாம் என்று கை பரபரக்கிறது. படிப்பிக்கிறவர் என்பதால் முதலில் எழுதிக் கேட்கிறேன்.

பிள்ளைகளோடு இப்படிப் போகிறவர்களுக்கு: படிவத்தைத் தமிழிலும் அச்சடியுங்கள், பதிலுக்குக் கட்டத்தைப் பெரிதாக விடுங்கள். 'தண்ணீர்' என்றே கேளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துவிடுவார்கள், செம்போ ஸ்டீல் பாட்டிலோ கொண்டு போங்கள்.

ஐயா, இந்தப் பதிவை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். பக்கம் 31-ஐ மாற்றுவீர்களா, மாட்டீர்களா? வெள்ளிக்கிழமை பிரதி பைண்டிங்குக்குப் போகிறது. அதற்குள் பதில் சொல்லுங்கள்.