சில்வர் ஓக் மரத்தின் கதை

நான் படித்த நாகலூர்ப் பள்ளி ஆண்டுவிழாவில், மணியாகத் தொங்கும் அந்தத் தண்டவாளத் துண்டு ணங்கென்று ஒலித்ததும், முப்பது வருடத்து வயிற்றெரிச்சல் எனக்குள் மறுபடி மூண்டது.

ஐந்தாம் வகுப்பில் சார் வெள்ளிக்கிழமைதோறும் எங்களைக் கதை சொல்லச் சொல்வார். “மலையில பொறந்தவங்களுக்கு மலைக்கதை தெரியோணும் கண்ணு” என்பார். நன்றாகச் சொன்னவர்தான் பள்ளி விடும் மணியை அடிக்கலாம். வாராவாரம் மணியடிக்கும் இரும்புக் கம்பி சின்னப்பொண்ணு கைக்கே போகும். அவள் வீட்டார் தலைமுறையாக மலையில் சாமை விதைத்தவர்கள். என் அம்மாவோ எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கக் கீழேயிருந்து வந்தவள். அவளுக்குத் தெரிந்தது ஒரே கதை. கைப்பிள்ளையோடு வெயிலில் வந்த ஒருத்திக்காகப் பனைமரம் குனிந்து நிழல் கொடுத்த கதை.

மலையில் ஏது பனை? நான் அதைச் சில்வர் ஓக் ஆக்கிச் சொன்னேன். சார் கம்பியை என்னிடம் நீட்டப்போன நேரத்தில் சின்னப்பொண்ணு எழுந்தாள்.

“ஏனுங்க சார், அது காப்பிக்கு நெழலுக்குன்னு தொரைமாரு கொண்டாந்து வச்ச மரமுங்க. பழைய கதையில எப்படிங்க வரும்?”

வகுப்பே சிரித்தது. கம்பி அவளிடமே போனது.

இன்று அங்கே அவள்தான் டீச்சர். டீச்சர் சொல்லிக்கொடுத்த மலைக்கதை என்று என் மகள் மேடையில் ஆரம்பித்தாள். கைப்பிள்ளையோடு வந்தவளுக்காக ஒரு பலாமரம் குனிந்ததாம்.

“எங்க மலையோட கதைங்க” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சின்னப்பொண்ணு கம்பியை என் மகளிடம் கொடுத்தாள். நானும் கை தட்டினேன். பெற்ற மகள் கையிலிருந்து அதைப் பிடுங்கி, ஒரே ஓர் அடி நானே அடித்துவிட வேண்டும் போலிருந்தது.