பட்டினிக்குச் சாகாத கிருமி

தி. நகர் கடையில் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டாக்டர் வசுமதி போய்விட்டார். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடையாறில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு ரசாயனம் சப்ளை செய்தவன் நான். படித்தது எட்டாவது. கண்ணாடிக் குடுவையில், மனித ரத்தத்தில் மலேரியா கிருமியை வளர்ப்பது அவர் வேலை. தினமும் அதற்குத் தீனி மாற்ற வேண்டும். ஒருமுறை தீனிப் பொடி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. இருந்ததை நீர்க்கக் கலந்து ஊற்றினார். எல்லாம் செத்திருக்கும், திட்டு விழும் என்று போய் நின்றேன்.

"சாகலை, செல்வராஜ். வேலையைக் கொறச்சுண்டு உக்காந்துண்டிருக்கு" என்றார்.

தீனி குறைந்ததும் கிருமி தன் மரபணுக்களில் சிலவற்றை மூடி, சிலவற்றைத் திறந்து பிழைத்துக்கொள்கிறது என்பது அவர் சந்தேகம். வியாபாரம் படுத்தால் செலவைச் சுருக்கிக் காத்திருப்பவனுக்கு இது புரியாதா? எந்த மரபணு, எதன் உத்தரவில் என்பதுதான் அவருக்கே பிடிபடவில்லை.

ஊர்ப் பெயர் சென்னை என்று மாறிய வருடம், மழைக்குப் பின் என் மனைவி கமலாவுக்கு மலேரியா. லங்கணம் பரம ஔஷதம் என்று என் பெரியக்கா சோற்றை நிறுத்திவிட்டாள். வெறும் வயிற்றில் மாத்திரை தங்கவில்லை, வாந்தி. தீனி குறைந்தால் கிருமி ஒடுங்குமே, அக்கா சொல்வதும் சரிதானே என்று டாக்டரிடமே கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "அது காத்துண்டிருக்கும். உங்க ஆத்துக்காரியால முடியுமா?" என்றவர், என் ஸ்கூட்டரிலேயே ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அக்கா வாசலை மறித்தாள். "இன்னா டாக்டரம்மா, காய்ச்சக்காரிக்குச் சோறு போடச் சொல்லிக்கினு வந்துட்டீங்க?"

"லங்கணம் நீங்க இருங்கோ. அவளுக்கு ரசஞ்சாதம் போடுங்கோ."

நாலு வாய் இறங்கிய பிறகு மாத்திரை தங்கியது. கமலா பிழைத்தாள்.

அதற்குப் பிறகு டாக்டருக்குத்தான் நிம்மதி போயிற்று. கிருமியைப் பற்றிய கட்டுரை தயாராக இருந்தும் கடைசிவரை பத்திரிகைக்கு அனுப்பவில்லை. "நீங்களே இப்படிப் புரிஞ்சுண்டா, இதைப் படிச்சுட்டு ஊர்ல எத்தனை கொழந்தைக்குச் சாதத்தை நிறுத்துவாளோ" என்பார். பட்டினி உடம்பில் பதுங்கியிருக்கும் கிருமி, சோறு வந்ததும் எழுந்துகொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அதற்காகச் சோற்றை நிறுத்த முடியாது. மருந்தில்லாமல் விடவும் முடியாது.

அவருடன் வேலை செய்தவர்களே, அந்தக் கட்டுரையை வெளியிடுங்கள். சோறும் மருந்தும் சேர்ந்தே வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு வெளியிடுங்கள்.

டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய சந்தேகம்தான். காய்ச்சல் விட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை. கமலா நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் போர்வையை இழுத்துப் போர்த்தும்போதெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.