காதால் எண்ணிய மெமரி

"சித்த யாரும் பேசாதீங்கோ" என்று கையை உயர்த்திவிட்டுத்தான் பத்ரிநாராயணன் லேப்டாப்பைப் போடுவார். கிளம்பும்போது அது தன் மெமரியைத் தானே எண்ணிப் பார்க்கும், எம்.பி.க்கு ஒரு 'டிக்'. கண் தெரிந்தவர்கள் திரையில் எண் ஓடுவதைப் பார்ப்பார்கள். பத்ரிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. காயத்ரி ஜபம் எண்ணுகிற மாதிரி கட்டைவிரலை மோதிரவிரல் நடுக்கணுவில் வைத்து, டிக்குக்கு ஒரு கணுவாக நகர்த்துவார். ஆள்காட்டி விரல் நுனியில் வந்து நின்றுவிடும். "இன்னிக்கும் எட்டுதான். ராத்திரியோட ராத்திரியா குட்டியா போடும்?" என்பார்.

தேனாம்பேட்டையில் ஒரு வங்கி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர். முந்நூறு எக்ஸ்டென்ஷனும் மனப்பாடம். 'ஹலோ'வுக்கு முந்தைய மூச்சிலேயே ஆளைச் சொல்லிவிடுவார். ஜுரம் என்று போனில் லீவு கேட்ட ஆபீசரிடம், பின்னால் கேட்ட கடைக் கூச்சலை வைத்து, "உடம்பைப் பாத்துக்கோங்கோ சார், பாண்டி பஜார்ல வெயில் ஜாஸ்தி" என்றவர். தன்னை யாராவது 'பாவம்' என்றால் மட்டும் லைன் கட்டாகிவிடும். கேட்டால், "கை தவறிடுத்து" என்பார். பொல்லாத மனுஷர்!

இந்தத் தொண்ணூற்றெட்டில் அவர் வேலைக்கே வேட்டு வந்துவிட்டது. வெளியாள் நேராகவே எக்ஸ்டென்ஷனைப் பிடிக்கலாம் என்று புது எக்ஸ்சேஞ்ச் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அதிகாரிகள் எதிரில் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்து, தானே திருத்திக் காட்டினால் கடிதப் பிரிவில் இடம். இல்லாவிட்டால் ஒரு நாற்காலியும் சும்மா சம்பளமும். "ஒக்கார வெச்சு சாதம் போட நான் என்ன தெவசத்துக்கு வந்தவனா?"

தங்கை மஹதி அமெரிக்காவிலிருந்து லேப்டாப்பும், அடிப்பதை வாசித்துக் காட்டும் புரோகிராமும் அனுப்பியிருந்தாள். அந்தப் புரோகிராமுக்கு முப்பத்திரண்டு எம்.பி. வேண்டும். லேப்டாப்பில் இருப்பதோ எட்டு.

சனிக்கிழமை சாயந்திரம் தி. நகரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குல்ஷனிடம் எடுத்துப்போனார். அவள் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தாள். எட்டு எம்.பி. போர்டிலேயே பதிந்திருந்தது. அதற்கு மேல் மெமரி அட்டை சொருக ஒரே இடம். அட்டையைப் பிடிக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளில் ஒன்று எப்போதோ உடைந்திருந்தது, மற்றதில் விரிசல்.

"ஒரு வாட்டிதான் சார் தாங்கும். போட்டத கயட்டினா கொக்கி கையோட வந்துடும். கம்பெனி புக்ல மொத்தமே இருபத்தி நாலுதான் ஒத்துக்கும்னு போட்டுக்கீது. பதினாறு எம்.பி. அட்டை போட்டுடவா? திக்கித் திக்கியாவது பேசும்."

"புக்கு எந்த வருஷத்தது?"

"தொண்ணூத்தஞ்சு."

"அப்போ இந்த மாடலுக்கு முப்பத்திரண்டுல அட்டை இருந்துதோ?"

"ஏது? போன வருசம்தான் வந்துச்சு."

"பொறக்காத கொழந்தைக்கு ரேஷன் கார்டுல எப்படிப் பேர் போடுவான்? முப்பத்திரண்டைப் போடுங்கோ."

"ஒத்துக்காங்காட்டி இன்னா சார் பண்ணுவ? அப்பால பதினாறும் போட முடியாது."

பத்ரி உள்ளங்கை வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார்.

அட்டை உட்கார்ந்தது. கொக்கி 'கிர்ரக்' என்றது, ஆனால் உடையவில்லை. பத்ரி லேப்டாப்பைப் போட்டார். டிக், டிக், டிக். எட்டு தாண்டியது. பத்து. பத்தொன்பது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்குக் கீழே ஒரு பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. அவன் எடுத்தபோது டிக் ஓய்ந்திருந்தது.

"நாசமாப் போறவன்!" பத்ரிக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் பாத்தேன் சார். சொல்லட்டா?"

அவள் குரலில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். பாவி, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். திங்கக்கெழமை உங்களையும் அழைச்சுண்டா போகப் போறேன்?"

அணைத்து, மறுபடி போட்டார். கீபோர்டின் மேல் காதை வைத்தார். ஒன்று, இரண்டு. பத்துப் பத்தாக இரண்டு சுற்று முடிந்து, கட்டைவிரல் சுண்டுவிரல் நடுக்கணுவுக்கு வந்தது. இருபத்து நான்கு. கம்பெனி போட்ட கோடு.

டிக்.

கட்டைவிரல் நுனிக்கு ஏறியது. அப்புறம் மோதிரவிரல், நடுவிரல். முப்பத்திரண்டையும் தாண்டிப்போய் நாற்பதில் நின்றது.

"நாப்பது!" என்றார்.

"நாப்பதேதான் சார்!" குல்ஷன் மூச்சை விட்டாள்.

சிறிது நேரத்தில் லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு தட்டைக் குரல் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. என்ன வருகிறதென்று பார்க்கக் குல்ஷன் ஆசையாகக் குனிந்தாள். "தப்பையும் என் காதே பிடிக்கட்டும்" என்று பத்ரிநாராயணன் கையை நீட்டி, திரையை அவள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே சாய்த்துவிட்டு, முதல் வரியை அடிக்க ஆரம்பித்தார்.