உப்பள வரப்பில் புங்கங்கன்றுகள்

முற்பகல் பதினொரு மணி. இடையஞ்சாவடியின் மரநிழலை விட்டு மரக்காணம் உப்பளத்துக்கு வந்ததும் அனல் முகத்தில் அறைகிறது. பைக்கை நிறுத்துகிறேன். தெற்கே மேகம் கறுத்து வருகிறது. பாத்தியில் விளைந்த உப்பை மழைக்கு முன் வாரிக் குவித்து ஓலையால் மூடியாக வேண்டும். ஆட்கள் ஓடுகிறார்கள்.

ஒரு பெண் மட்டும் வரப்பில் குனிந்து, கம்பியால் கிளறிப் புங்கங்கன்றுகளைப் பிடுங்குகிறார். போன வாரம் யாரோ வெளியூர்க்காரர்கள் நட்டுவிட்டுப் போனவை என்று ஓடுகிறவர்களில் ஒருவர் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்கிறது. கேட்டே விடுகிறேன்.

"ஏங்க பிடுங்குறீங்க? வேர் உறிஞ்சுற தண்ணிய இலை ஆவியா விடும். காத்து குளிரும், சூடு குறையும்."

"தெரியும் சார்." அவர் நிமிரவில்லை. "குளிர்ந்தா உப்பு எப்படி விளையும்? நிழல் விழுந்த பாத்தி காயாது. ஓனர் எடுக்கச் சொல்லிட்டாரு."

முதல் துளி என் கையில் விழுகிறது. "செல்வி, ஓலைய எடுத்துனு வா" என்று மேஸ்திரி கத்துகிறார்.

செல்வி என்னிடம் கை நீட்டுகிறார். "தண்ணி இருக்குதா சார்?"

தாகம் என்று நினைத்துப் பாட்டிலைத் தருகிறேன். ஒரு வாய்கூடக் குடிக்காமல் வேர்களின் மேல் ஊற்றுகிறார். தலைத்துண்டை அவிழ்த்துக் கன்றுகளைச் சுற்றிச் சாப்பாட்டுக் கூடைக்குள் வைக்கிறார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"வீட்டுக்கு. தகர ஷீட்டு போட்ட வீடு சார்." ஓலைக் கட்டைத் தலைக்கு ஏற்றுகிறார். "வெயில் உப்புக்குத்தான வேணும்."