பிஸ்கட் டப்பாவிலிருந்து எனக்கு வந்த சீட்டு

ஆண்டவர் என் வாயை மூட வைத்தார். அதற்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் இன்றைக்கு மைக்கைக் கையில் வாங்கியிருக்கிறேன். முன்வரிசையில் என் அக்கா இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிக்கட்டும். என் வாயைப் பற்றி அவளுக்கு நாற்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

என் பெயர் பியூலா. இதே அடையாறில் பிறந்து, இந்தச் சபையில்தான் ஞாயிறு பள்ளிக்கு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் எட்வினோடு கனடாவுக்குப் போனேன். வின்னிபெக் என்று ஒரு ஊர். அங்கே குளிர் என்றால் நம் ஊர் மார்கழிப் பனி இல்லை. வெளியே வந்து மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற முடி உறைந்து குத்தும். டிசம்பரில் எங்கள் மகள் ஷாரனைப் பள்ளிக்குக் கிளப்பும்போதும் இருட்டு, வேலை முடிந்து நான் வீடு திரும்பும்போதும் இருட்டு.

முதல் சில வருஷங்கள் சமாளித்தோம். பிறகுதான் எட்வின் மாற ஆரம்பித்தார். முதலில் பாட்டு நின்றது. குளிக்கும்போது பாடுகிற மனுஷன் அவர். அப்புறம் பேச்சு குறைந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் கோட்டைக் கூடக் கழற்றாமல் சோஃபாவில் உட்கார்ந்திருப்பார். "அப்பா சோஃபாவாவே மாறிட்டாரும்மா" என்று ஷாரன் ஒரு நாள் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் பார்மசிஸ்ட். யாராவது இருமினால் போதும், எத்தனை நாளாக, சளி என்ன நிறம் என்று கேட்டுவிட்டு மருந்தும் சொல்லிவிடுவேன். வீட்டுக்காரரை விடுவேனா? அந்த ஊர் டாக்டர் ஒரு வெள்ளை விளக்கு வாங்கச் சொன்னார். வெயில் இல்லாத குறைக்குத் தினமும் காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும். குஞ்சு பொரிக்க வைத்த முட்டை மாதிரி அவரை அதன் முன்னால் உட்கார வைப்பேன். வைட்டமின் கொடுத்தேன். நடக்கச் சொன்னேன். காரணமில்லாமல் சோகமாக இருப்பது விசுவாசக் குறைவு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். எல்லாம் சொன்னேன். எதையும் கேட்கத்தான் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தைய நவம்பரில் ஒரு நாள், "பியூ, துபாய் ஆபீஸ்ல ஒரு எடம் இருக்காம். நல்லா வெயிலா இருக்கும். நான் யோசிக்கிறேன், என்னன்னா..." என்று தொடங்கினார். அந்த 'என்னன்னா' அங்கேயே நின்றுவிட்டது. நான் பிடித்துக்கொண்டேன். நாலு வருஷம் பரீட்சை எழுதி இந்த ஊரில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து இரண்டே வருஷம்தான் ஆகிறது, அங்கே போய் மறுபடியும் முதலிலிருந்தா, ஷாரன் படிப்பு என்ன ஆவது, பாலைவனத்தில் என்ன இருக்கிறது, மண்ணும் ஒட்டகமும்தானே. மூச்சு விடாமல் பேசினேன். அவர் "சரி" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஜனவரியில் மூன்று வார லீவில் அக்கா வீட்டுக்கு வந்தோம். துபாய் வேலைக்கு அந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். எட்வின் காலையில் எழுந்து நேராக இந்தச் சர்ச் படிக்கட்டுக்கு வந்துவிடுவார். எதற்கு? ஜெபிக்க இல்லை. இங்கே வெயில் அடிக்கும். சும்மா உட்கார்ந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நானும் வந்தேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். பாரம் உள்ளவர்கள் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொண்டு போய், அந்த ஆளுக்காக ஒரு வாரம் காலையும் மாலையும் ஜெபித்து, அடுத்த வெள்ளி திருப்பித் தர வேண்டும். யார் எழுதியது என்று துப்பறியக் கூடாது.

நானும் ஒன்று எழுதிப் போட்டேன். "என் கணவருடைய சோம்பல் நீங்க வேண்டும்." வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதுதான் எழுதினேன்.

எனக்கு வந்த சீட்டில் நீல மையில் குண்டு குண்டாக எழுதியிருந்தது. "என் மனைவி நல்லவள். ஆனால் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் முடிக்க விடமாட்டாள். ஒரே ஒரு தடவை, குறுக்கே பேசாமல், நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்க வேண்டும். சொல்ல வேண்டியது பெரிய விஷயம்."

எனக்கு அந்தப் பெண்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என்ன மாதிரி பொம்பளை இவள்? கட்டின புருஷன் பேச ஊர் ஜனம் ஜெபிக்க வேண்டியிருக்கிறதே! சீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. ஆனாலும் அடுப்படியில் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஜெபம் பண்ணு பியூ. நல்லா, உருகி ஜெபம் பண்ணு" என்றாள்.

பண்ணினேன். முதல் இரண்டு நாள், "ஆண்டவரே, அவள் நாக்கைக் கட்டும்" என்றுதான் ஜெபித்தேன். பிறகு மெல்ல அந்த மனுஷன் என் மனசுக்குள் வந்தார். பெரிய விஷயம் என்றால் என்னவாக இருக்கும்? வியாதியா? ஏதாவது பயமா? சொல்ல முடியாமல் எத்தனை நாள் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாரோ. புதன்கிழமை காலையில் யாரென்றே தெரியாத அவருக்காக முழங்காலில் நின்று அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் எட்வின் சுருண்டு உட்கார்ந்திருந்தார். "நிமிந்து உக்காருங்க, முதுகு போயிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

வெள்ளிக்கிழமை சீட்டைத் திருப்பித் தர வந்தபோது வாசலில் டேவிட் அண்ணன் பாய் விரித்துக்கொண்டிருந்தார். நம் சர்ச் மணி அடிப்பதிலிருந்து மைக் போடுவது வரைக்கும் எல்லாம் அவர்தானே. என் கையில் இருந்த சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா தங்கச்சி, இது நம்ம எழுத்தாச்சே! உன் வூட்டுக்காரரு படிக்கட்டாண்ட குந்திக்கினு, 'அண்ணே, நான் பம்பாய்ல வளந்தவன், எனக்குத் தமிழ் எழுத வராது, நீ எழுதிக் குடு'ன்னு கேட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னு வேற..."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பாயோடு உள்ளே ஓடிவிட்டார்.

நான் செருப்பு விடுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாக நான் திட்டித் தீர்த்த அந்தப் பொம்பளை நான்தான். ஒரு வாரமாக நான் அழுத அந்த மனுஷன் என் வீட்டிலேயே, என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது.

அன்று மாலை நாலு மணிக்கு எட்வினை பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தைத் தாண்டி, ஊரூர் குப்பத்துப் படகுகள் நிற்கிற பக்கமாக உட்கார்ந்தோம். என் வாயை நம்ப முடியாது என்று மாங்காய் பத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். "நீங்க அன்னிக்கு துபாய் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்க. சொல்லுங்க" என்றேன்.

பக்கத்தில் ஒருவர் வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஐந்து தடவையாவது பேச்சு வாய்வரை வந்திருக்கும். ஐந்து தடவையும் மாங்காயைக் கடித்தேன். பிறகு அவர் கடலைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில அந்தப் பாலம் இருக்குல்ல பியூ. ரெண்டு தடவ ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி அங்க போய் நின்னேன். கீழ தண்ணி கூட இல்ல. எல்லாம் வெள்ளையா, கெட்டியா கெடந்துச்சு. எனக்கும் உள்ளே அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டாவது தடவ ஒரு பஸ் வந்து நின்னுச்சு. அங்க ஸ்டாப்பே கெடையாது. டிரைவர் கதவத் தொறந்து, ஏறுன்னு கையைக் காட்டினான். ஒண்ணுமே கேக்கல. ஏறிட்டேன்."

மறுபடியும் மாங்காயைக் கடித்தேன். வாயைத் திறந்திருந்தால் அலறியிருப்பேன்.

"இன்னொரு குளிர்காலம் என்னால முடியாது. நான் மட்டும் துபாய்க்குப் போறேன். நீயும் ஷாரனும் அங்கயே இருங்க. நீ கண்ணு முழிச்சுப் படிச்சு வாங்கின வேலை. என்னால அது போக வேணாம்."

கொஞ்சம் நிறுத்தினார். "இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்சம் இருக்கு."

சொன்னார். வெயில் இறங்கும்வரை சொன்னார். முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு பேருக்கும் டிக்கெட் போடுங்க" என்றேன். அந்த நாளில் நான் பேசியது அவ்வளவுதான்.

மறு வாரமே மயிலாப்பூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்தார். இன்றைக்கும் சாப்பிடுகிறார். ஜெபம் பண்ணினால் மருந்து வேண்டாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள். அந்த நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தின ஆண்டவர்தான் அந்த மருத்துவரையும் கொடுத்தார்.

மார்ச்சில் வின்னிபெக் வீட்டைக் காலி செய்தோம். பஞ்சு வைத்த கோட்டுகளையும் அந்த வெள்ளை விளக்கையும் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் ராஜினாமா கொடுத்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். சந்தோஷமாக விட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது துபாய்க்கு வெளியே, கட்டடங்கள் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறோம். கதவைச் சாத்தினாலும் மண் உள்ளே வந்துவிடும். ஜூன், ஜூலையில் குழாயில் கையை வைத்தால் சுடுகிறது. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்த நாங்கள் இப்போது வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்கிறோம் என்று நான் புலம்பாத நாள் இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு எட்வின் டீயோடு பால்கனியில் உட்கார்வார். விளக்கு வேண்டாம். அடுத்த கட்டடத்துக்கு மேலே சூரியன் வரும்.

அங்கே போன முதல் மாதம் ஒன்று நடந்தது. வின்னிபெக்கில் இட்லி மாவு லேசில் புளிக்காது. ஓவனுக்குள் வைத்து, உள்ளே இருக்கிற பல்பைப் போட்டு வைக்க வேண்டும். பழக்க தோஷம், துபாயிலும் அப்படியே வைத்துவிட்டேன். காலையில் திறந்தால் மாவு பாத்திரத்தை விட்டு ஏறி, தட்டெல்லாம் வழிந்து, கதவோரமாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எட்வின் எட்டிப் பார்த்தார். சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஷாரன் அறையிலிருந்து ஓடி வந்து அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாள் கழித்துக் கேட்கிறோம் அந்தச் சத்தத்தை! நான் அந்த மாவுத் தரையிலேயே மண்டிபோட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

மறுபடியும் பரீட்சை எழுதினேன். நவம்பரில் ஒரு சின்ன மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி அளவுக்கு இல்லை. போதும்.

பிரியமானவர்களே, அன்று என் சீட்டை எடுத்தவர் இங்கே இருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். நான் கேட்டது தப்பான விண்ணப்பம். நீங்கள் பண்ணின ஜெபத்தை ஆண்டவர் சரியான இடத்துக்குத்தான் அனுப்பினார். பாரத்தோடு வந்திருக்கிறவர்கள் அந்த டப்பாவில் எழுதிப் போடுங்கள். எழுத வராவிட்டால் டேவிட் அண்ணன் இருக்கிறார், இப்போது நாக்கை அடக்கக் கற்றுக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். உங்கள் கைக்கு வருகிற சீட்டு யாரோ ஒருவருடையது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நான் நிறையப் பேசிவிட்டேன். மூன்றாவது வரிசையில் எட்வின் எழுந்து நிற்கிறார். அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டுமாம். அவர் நிதானமாகத்தான் பேசுவார், நடுநடுவே நிறுத்துவார். நான் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்காருகிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.