பருத்தி மருந்து டப்பா

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எங்கள் நாய் கருப்பனுக்குக் காது ஓரத்திலும் முன்னங்கால் முட்டியிலும் முடி கொட்டி, தோல் தடித்துச் சிவந்திருந்தது. எங்கள் ஊர் இடைசெவலிலிருந்து கோவில்பட்டி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஊசி போட்டார்.

"சொறிப்பூச்சிதாம்மா. மறுபடி ஊசி போடணும், கூட்டிட்டு வாங்க. முடி தன்னால முளைச்சிரும்."

என் கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"சொறிநாய்க்குப் போயி டாக்டரா மதினி? பருத்திக்கு அடிச்ச மருந்து மிச்சம் கெடக்குல்லா!"

கேலி பேசுகிறான் என்று நினைத்தேன். நான் களையெடுக்கப் போயிருந்தபோது, அந்தப் பூச்சிமருந்தை நாயின் மேல் ஊற்றித் தேய்த்திருக்கிறான். நாய் உடம்பை நக்கியிருக்கிறது. நான் வரும்போது நுரை தள்ளிக் கிடந்தது. கழுவக் கழுவ என் கையிலேயே செத்தது.

"பூச்சி செத்திருக்கும்லா," என்றான் பாவி.

அடுத்த வருஷம் அவன் இடுப்பில் படர்தாமரை. சொறிந்துகொண்டே வந்து, "இதுக்கு என்ன மதினி போட?" என்று கேட்டான்.

தொழுவத்து மூலையில் கிடந்த அதே பருத்தி மருந்து டப்பாவைக் காட்டினேன்.

அவன் சட்டென்று பின்வாங்கினான்.

கருப்பன் பின்வாங்கியிருக்காது. வீட்டு ஆள் கைதானே என்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கும்.