உறை ஊற்றாத குழாய்

என் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் செல்போனை எடுத்துவிடுவார். எங்கள் ஆய்வக உதவியாளர் மட்டும் விடாமல் கேட்டார். வீட்டில் இரண்டு மாடு வைத்திருப்பவர். அவருக்குப் புரியட்டும் என்று ஒருநாள் சொன்னேன்: "இது ஒறை ஊத்தற மாதிரிதாண்ணா. பாலுக்குப் பதிலா இந்த மருந்து, மோருக்குப் பதிலா வெளிச்சம்." அந்தப் பேச்சு என்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

மருந்து என்றது அக்ரிலிக் பலகை செய்கிற திரவத்தை. தண்ணீர் மாதிரி ஓடும். அதிலுள்ள சின்னஞ்சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் கல்லாகிவிடும். வழக்கமாக ஒரு பொடியைக் கலந்து சூடாக்குவார்கள். நான் பொடியே போடவில்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, காற்றை உறிஞ்சி எடுத்து மூடி, வெளியே இரண்டு செம்புப் பட்டைகளைச் சுற்றி மின்சாரம் கொடுப்பேன். திரவத்துக்கு மேலே இருக்கும் ஆவி ஊதாவாக ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. ஒரே நிமிடம். அப்புறம் அணைத்துவிட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான், இரண்டு மூன்று நாளில் தானாக உறையும். மேலாகத் தொட்டுவிட்டுப் போன வெளிச்சம் அடிவரைக்கும் எப்படி வேலை செய்கிறது, அதுவும் அணைந்து இரண்டு நாள் ஆன பிறகு? இந்தக் கேள்விதான் நான்கு வருடமாக என்னை வேங்கிக்காலில் இருக்கும் ஆய்வகத்துக்கு பஸ் ஏற்றியது.

வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. "வெளிச்சம் காட்டினது ஒறையணும், காட்டாதது ஓடணும். திங்கக்கிழமை ரெண்டையும் காட்டும்மா. இல்லன்னா தலைப்ப மாத்திடலாம்" என்றார். நான்கு வருடமும் வீண் என்று அதற்கு அர்த்தம்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. என் வீடு கிரிவலப் பாதையில், செங்கம் ரோட்டில். சாயங்காலம் ஆனால் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நுழையாது. ஒரு குழாய்க்கு வெளிச்சம் காட்டினேன். காட்டாத இன்னொன்றை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

திங்கட்கிழமை, பேராசிரியர் பார்க்க முதல் குழாயைச் சாய்த்தேன். உள்ளே எதுவும் நகரவில்லை. துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இரண்டாவதைச் சாய்த்தேன். அதுவும் நகரவில்லை. வெளிச்சமே படாதது உறைந்திருக்கிறது என்றால் வெளிச்சத்துக்கு அங்கே என்ன வேலை? பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வாசலிலிருந்து உதவியாளர் எட்டிப் பார்த்தார். முகத்தில் பெருமை.

"ரெண்டும் நல்லா ஒறைஞ்சிடுச்சுங்களா மேடம்? அவசரத்துல ஒண்ணுக்கு ஒறை ஊத்தாம போயிட்டீங்க. அப்படியே வச்சா கெட்டுப்போயிடுமேன்னு நான்தான் ஒரு நிமிஷம் காட்டி வச்சேன்."

தாறுமாறாகக் கத்திவிட்டேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. கெமிஸ்ட்ரி படிக்காத ஒரு மனுஷர், பார்த்துப் பழகிய கையால், ஒரு நிமிடம் காட்டியிருக்கிறார். அவருக்கும் உறைந்திருக்கிறது! பேராசிரியர் சிரித்துவிட்டார். "இது சான்று ஆகாதும்மா. இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கோ."

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று குழாய்கள். ஒன்றுக்கு நான் காட்டினேன், ஒன்றுக்கு உதவியாளர். மூன்றாவதில் அவரையே ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொன்னேன்: 'ஒறை ஊத்தாதது. தொடாதே.' கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "விடுங்க மேடம், எங்க வீட்டம்மா இதவிட ஜாஸ்தி கத்தும்" என்றார்.

திங்கட்கிழமை முதல் இரண்டும் கல்லாக இருந்தன. மூன்றாவதைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. பேராசிரியர் உதவியாளரைப் பார்த்தார். அவர்தான் எடுத்துச் சாய்த்தார். திரவம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு சளக்கென்று ஓடியது. நான் அழுதுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

அவருக்கோ அந்தக் குழாயைப் பார்க்கப் பாவமாக இருந்தது போலும். இன்னொரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கும் ஒரு நிமிஷம் காட்டியிருந்தா ஒறைஞ்சிருக்குமே மேடம்."

"ஆமாண்ணா" என்றேன். நான்கு வருடமாக நான் நிரூபிக்கப் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான்.